'ஹார்ட் வொர்க்கர்', 'டீம் பிளேயர்'... ரெஸ்யூமில் தேய்ந்துபோன வார்த்தைகள்: பதிலுக்கு என்ன எழுதலாம்?

ஒரு வேலைக்கு 200 பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 'ஹார்ட் வொர்க்கிங்' என்று எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்? கிட்டத்தட்ட எல்லோரும். 'டீம் பிளேயர்'? அதுவும் அப்படித்தான். 'செல்ஃப் மோட்டிவேட்டட்', 'குயிக் லேர்னர்', 'பாசிட்டிவ் ஆட்டிட்யூட்' இந்த மூன்றும் இல்லாத ரெஸ்யூமைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சரி, எழுதினால் என்ன தப்பு? பொய்யா எழுதியிருக்கிறோம்? உண்மையிலேயே உழைப்பாளியாக இருப்பவர்தானே எழுதுகிறார் என்று கேட்கலாம். தப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த வார்த்தையைப் படிப்பவரின் கண் அங்கே நிற்பதில்லை, தாண்டிப் போய்விடுகிறது. வீட்டில் முதல் பட்டதாரியாக, சிபாரிசு செய்ய ஆள் இல்லாமல், ஒரே ஒரு தாளை நம்பி வேலை தேடுகிறவருக்கு இது சின்ன நஷ்டம் கிடையாது. அந்தத் தாளில் பாதியைப் பிடித்திருப்பவை எதையும் சொல்லாத வார்த்தைகள் என்றால், அவரைப் பற்றிச் சொல்ல மிச்சம் இருப்பது பாதித் தாள்தான்.

எந்தெந்த வார்த்தைகள் இப்படித் தேய்ந்துபோயின, ஏன் தேய்ந்தன, அதற்குப் பதிலாக என்ன எழுதலாம், நேர்காணலில் எப்படிப் பேசலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

அந்தப் பட்டியலில் என்னென்ன வார்த்தைகள்?

வேலைவாய்ப்பு சமூக வலைதளமான லிங்க்ட்இன், தன் பயனர்களின் சுயவிவரங்களில் அதிகம் புழங்கும் வார்த்தைகளை 2010-ம் ஆண்டு முதல் சில வருடங்கள் பட்டியலிட்டு வந்தது. முதல் பட்டியலில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது 'எக்ஸ்டென்சிவ் எக்ஸ்பீரியன்ஸ்'. அதாவது 'பரந்த அனுபவம்'. இந்தியாவில் முதலிடம் 'டைனமிக்'. 2011-லும் 2012-லும் 'கிரியேட்டிவ்' முன்னால் வந்தது. 2013-ல் 'ரெஸ்பான்சிபிள்', 2014-ல் 'மோட்டிவேட்டட்'.

'கிரியேட்டிவ்' கதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தான் மற்றவர்களிடமிருந்து மாறுபட்டு யோசிப்பவர் என்று காட்ட எல்லோரும் ஒரே வார்த்தையை எழுதியிருக்கிறார்கள்.

இந்த வார்த்தைகள் படிப்பவர்களுக்கு எப்படிப் படுகின்றன என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த கேரியர்பில்டர் நிறுவனம் 2014-ல் ஆள் எடுக்கும் மேலாளர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. ரெஸ்யூமில் பார்த்தாலே எரிச்சல் வரும் வார்த்தை எது என்பது கேள்வி. 'பெஸ்ட் ஆஃப் பிரீட்' என்ற தொடரை 38 சதவீதம் பேரும், 'கோ-கெட்டர்' என்பதை 27 சதவீதம் பேரும் குறிப்பிட்டார்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த 'டீம் பிளேயர்', 'ஹார்ட் வொர்க்கர்' இரண்டும் அதே பட்டியலில் கீழே இருந்தன.

அப்படியானால் அவர்கள் எதைப் பார்க்க விரும்புகிறார்கள்? 'அச்சீவ்ட்' என்ற சொல்லை 52 சதவீதம் பேரும், 'இம்ப்ரூவ்ட்' என்ற சொல்லை 48 சதவீதம் பேரும் விரும்புவதாகச் சொன்னார்கள். 'சாதித்தேன்', 'மேம்படுத்தினேன்'. இரண்டுமே வினைச்சொற்கள் என்பதைக் கவனியுங்கள். வெறுப்பேற்றும் பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் அடைமொழிகள்.

தமிழ்நாட்டு ரெஸ்யூமுக்கு என்றே தனிப் பட்டியல் போடலாம். முதல் வரியே 'கேரியர் அப்ஜெக்டிவ்'. சவாலான சூழலில் என் திறமைகளைப் பயன்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பாடுபட விரும்புகிறேன் என்ற பொருளில் ஒரு நீண்ட ஆங்கில வாக்கியம். சீனியரிடமிருந்து ஜூனியருக்கு, பென் டிரைவிலிருந்து பென் டிரைவுக்கு, பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரிலிருந்து ஊர் முழுக்க என்று தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்த வாக்கியம் அது. பெயரையும் போன் நம்பரையும் மட்டும் மாற்றினால் போதும். அடுத்து 'ஸ்ட்ரெங்த்': தன்னம்பிக்கை, கடின உழைப்பு, நேர்மறை எண்ணம். 'ஹாபி': பாட்டுக் கேட்பது, புத்தகம் படிப்பது. கடைசியில் 'மேற்சொன்னவை அனைத்தும் உண்மை' என்று ஒரு உறுதிமொழி.

வார்த்தைகள் ஏன் தேய்கின்றன?

'பயங்கரம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பயத்தைத் தருவது என்பதுதான் அதன் பொருள். ஆனால் இன்று 'பிரியாணி பயங்கரமா இருந்துச்சு' என்றால் யாரும் பயப்படுவதில்லை, இன்னொரு பிளேட் கேட்கிறார்கள். 'பயங்கரமான பொறுமைசாலி' என்றுகூடச் சொல்கிறோம். பயம் முழுக்கக் கழன்று போய், 'ரொம்ப' என்ற அளவுக்கு அந்தச் சொல் இளைத்துவிட்டது. ஆங்கிலத்தில் 'டெரிஃபிக்' என்ற சொல்லுக்கும் இதேதான் நடந்தது. திகில் என்ற வேரிலிருந்து பிறந்து, இன்று 'பிரமாதம்' என்று பொருள் தருகிறது.

மொழியியலில் இதைப் பொருள் வெளிறுதல் என்கிறார்கள். துவைக்கத் துவைக்கச் சாயம் போவதைப்போல, புழங்கப் புழங்கச் சொல்லின் குறிப்பான பொருள் மங்குகிறது. (பள்ளியில் படித்த 'நாற்றம்' உதாரணம் வேறு வகை. நல்ல மணத்தைக் குறித்த சொல் கெட்ட வாடையாக மாறியது. அங்கே பொருள் மாறியது, இங்கே பொருள் மங்குகிறது.) 'சூப்பர்' மங்கியதும் 'செம' வந்தது, 'செம' போதாமல் 'வேற லெவல்' வந்தது. அதுவும் இப்போது 'நல்லா இருக்கு' என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. ரெஸ்யூமில் 'ஹார்ட் வொர்க்கிங்' மங்கியதும் 'எக்ஸ்ட்ரீம்லி ஹார்ட் வொர்க்கிங்' வந்தது இந்த வழியில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. எதிர்ச்சொல்லைப் போட்டுப் பார்த்தால் புரியும். 'நான் சோம்பேறி', 'யாரோடும் ஒத்துப்போக மாட்டேன்', 'மெதுவாகத்தான் கற்றுக்கொள்வேன்' என்று யாராவது ரெஸ்யூமில் எழுதுவார்களா? மாட்டார்கள். எதிர்ச்சொல்லை யாருமே எழுத முடியாத இடத்தில், அந்தச் சொல்லை எழுதுவதால் தெரிந்துகொள்ளப் புதிதாக எதுவும் இல்லை.

எல்லோருக்கும் பொருந்தும் சட்டை

1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் வகுப்பில் ஒரு சோதனை செய்தார். மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு ஒன்றை வைத்தார். சில நாள் கழித்து, 'இதுதான் உங்களைப் பற்றிய கணிப்பு' என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தாளைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. மாணவர்கள் அசந்துபோனார்கள். பிறகுதான் தெரிந்தது, எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே தாள். பெரும்பகுதியை ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்திருந்தார்.

வார ராசிபலன் வேலை செய்வதும் இப்படித்தான். 'குடும்பத்தில் சிறு சிறு சலசலப்பு வந்து நீங்கும்' என்றால் எந்த வீட்டுக்குத்தான் பொருந்தாது? தன்னைப் பற்றிப் படிக்கும்போது பொதுவான வாக்கியம்கூட நமக்கென்றே தைத்த சட்டைபோலத் தெரிகிறது. 'நான் நேர்மையானவன், பொறுப்பானவன், எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்பவன்' என்று எழுதிப் படித்துப் பார்த்தால், 'ஆமா, நான் இப்படித்தானே' என்று திருப்தி வருவதும் அதனால்தான். எழுதியவருக்குப் பின்னணியில் நூறு நினைவுகள் ஓடுகின்றன. படிப்பவருக்கு அந்த நினைவுகள் இல்லை, மூன்று வார்த்தைகள் மட்டுமே கையில் இருக்கின்றன.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. உங்கள் ரெஸ்யூமில் உள்ள ஒரு வரியை அப்படியே எடுத்து, வகுப்பில் பக்கத்து சீட்டில் இருந்தவரின் ரெஸ்யூமில் ஒட்டிப் பாருங்கள். கச்சிதமாகப் பொருந்துகிறதா? அப்படியானால் அது உங்களைப் பற்றிய வரி இல்லை.

'தற்பெருமை கூடாது' என்றுதானே வளர்த்தார்கள்?

நம் ஊரில் இதைவிடப் பெரிய தடை இதுதான். 'நம்மளப் பத்தி நாமளே பேசக்கூடாது, மத்தவங்க பேசணும்' என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் ஏராளம். அதனால் குறிப்பாக ஒன்றைச் சொல்லக் கூச்சம். 'கடைக் கணக்கு முழுக்க நான்தான் பார்த்தேன்' என்று எழுதினால் பீற்றிக்கொள்வதுபோல இருக்குமோ என்று தயங்கி, 'ஹார்ட் வொர்க்கிங்' என்ற பொதுச்சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம்.

இந்தச் சிக்கலுக்கு 13-ம் நூற்றாண்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகுதியல்ல என்று பாயிரத்தில் சொல்கிறது. ஆனால் அடுத்ததாகவே நான்கு விதிவிலக்குகளைத் தருகிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்துப் பேசும்போது. இந்த நான்கு இடங்களில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை.

முதல் இரண்டையும் இன்றைய கண்ணால் பாருங்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது ஓலை எழுதுவதுதான். நேர்காணல் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் ஆற்றலை அறியாதவர்கள்தான். ஆகப் பவணந்தியார் கணக்குப்படி அங்கே பேசலாம். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொன்னால் அதே நன்னூல் அதைக் குற்றம் என்கிறது. நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் முதலாவதே 'குன்றக் கூறல்'. 'மிகைபடக் கூறல்' இரண்டாவது. கடைசிக் குற்றத்தின் பெயர் 'நின்று பயனின்மை'. வாக்கியத்தில் நிற்கும், ஆனால் எந்தப் பயனும் இருக்காது. 'டைனமிக்' போன்ற வார்த்தைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

அரசர்கள் எப்படி எழுதிக்கொண்டார்கள்?

சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி என்ற பகுதி வரும். அரசனின் வெற்றிகளைச் சொல்லும் பகுதி. முதலாம் ராஜராஜன் காலத்தில்தான் இது ஒரு நிலையான வடிவமாக வேரூன்றியது. அதில் அலங்காரமும் உண்டு, புகழ்ச்சியும் உண்டு. ஆனால் நடுவில் காந்தளூர்ச் சாலை, வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடி, தடிகைபாடி, குடமலை நாடு, கொல்லம், கலிங்கம், ஈழம் என்று ஊரும் நாடும் பெயர் பெயராக வரும். ஆட்சிக்காலம் ஏற ஏறப் பட்டியலும் நீளும். இன்று ஒரு கல்வெட்டின் காலத்தைக் கணிக்க ஆய்வாளர்களுக்குக் கைகொடுப்பது இந்தப் பெயர்கள்தான். 'மாவீரன்' என்ற அடைமொழி மட்டும் இருந்திருந்தால் எந்த அரசன், எந்த ஆண்டு என்று ஒன்றும் தெரிந்திருக்காது.

இத்தாலியில் லியோனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலன் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு எழுதியதாக ஒரு கடிதம் உண்டு. உலகின் முதல் ரெஸ்யூம் என்று இணையத்தில் அடிக்கடி பகிரப்படும் கடிதம். அதில் அவர் தன்னைக் 'கிரியேட்டிவ்' என்று சொல்லவில்லை. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள் கட்டத் தெரியும், முற்றுகையின்போது அகழியிலிருந்து தண்ணீரை வெளியேற்றத் தெரியும் என்று வரிசையாக அடுக்குகிறார். ஓவியமும் வரைவேன் என்பது ஏறக்குறையக் கடைசியில்தான் வருகிறது. மிலனுக்கு அப்போது தேவைப்பட்டது போர்ப் பொறியாளர். கேட்பவருக்கு எது வேண்டுமோ அதை முதலில் சொல்லியிருக்கிறார்.

சரி, பதிலுக்கு என்ன எழுதுவது?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 'ஹார்ட் வொர்க்கிங்' பழசு என்றதும் அகராதியைத் திறந்து 'டிலிஜென்ட்', 'இண்டஸ்ட்ரியஸ்' என்று மாற்றுகிறார்கள். சட்டை மாறியதே தவிர ஆள் அதே ஆள். நேர்காணலில் அந்த வார்த்தையை உச்சரிக்கத் தடுமாறினால் கூடுதல் சங்கடம்.

வார்த்தைக்கு வார்த்தை மாற்றுவதை விட்டுவிடுங்கள். அடைமொழியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வினைமுற்றைக் கொண்டுவாருங்கள். 'நான் எப்படிப்பட்டவன்' என்பதை விட்டு, 'நான் என்ன செய்தேன்' என்று எழுதுங்கள். பிறகு எவ்வளவு, எத்தனை நாளில், அதனால் என்ன மாறியது என்று ஒட்டுங்கள்.

விருதுநகரில் ஒரு பி.காம் மாணவர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மளிகைக்கடை. ரெஸ்யூமில் 'அக்கவுண்ட்ஸில் நல்ல அறிவு, கடின உழைப்பாளி' என்று எழுதியிருக்கிறார். கடை விஷயம் எங்கேயும் இல்லை. கேட்டால், 'அது சும்மா வீட்டு வேலைங்க, அதையெல்லாம் எப்படிப் போடுறது' என்பார். கொஞ்சம் கிளறினால் வருவது இது: மூன்று வருடமும் காலேஜ் முடிந்து மாலை 5 மணியிலிருந்து 9 மணி வரை கடையில் பில் போட்டிருக்கிறார். 60 வாடிக்கையாளர்களின் கடன் பாக்கி நோட்டில் இருந்தது. அதை எக்செல்லுக்கு மாற்றினார். மாதக் கடைசியில் யார் எவ்வளவு தரணும் என்று கூட்டிப் பார்க்க முன்பு ஒரு ராத்திரி ஆகும், இப்போது பத்து நிமிடம்.

இதைவிடப் பெரிய அக்கவுண்ட்ஸ் தகுதி ஒரு புதிய பட்டதாரியிடம் என்ன இருக்க முடியும்? ரெஸ்யூமில் இப்படி இரண்டே வரி போதும்: 'குடும்ப மளிகைக்கடையில் மூன்று ஆண்டுகள் தினமும் நான்கு மணி நேரம் பில்லிங் பார்த்தேன். 60 வாடிக்கையாளர்களின் கடன் கணக்கை நோட்டிலிருந்து எக்செல்லுக்கு மாற்றினேன்.' 'கடின உழைப்பாளி' என்ற சொல் இதில் எங்கேயும் இல்லை. ஆனால் படித்து முடித்ததும் அந்த எண்ணம் படிப்பவருக்குத் தானாக வரும்.

'டீம் பிளேயர்' என்பதற்கும் இதே வழிதான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த ஒருவர், கடைசி வருட புராஜெக்டில் நான்கு பேர் குழு, வெல்டிங் செய்ய வேண்டியவருக்கு உடம்பு முடியாமல் போனதால் தன் லேத் வேலையை முடித்துவிட்டு அதையும் தானே எடுத்துச் செய்து ரிவியூவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே முடித்தேன் என்று எழுதினால், எந்தக் குழுவிலும் இவரைச் சேர்க்கலாம் என்று யாருக்கும் தோன்றும். 'லீடர்ஷிப் குவாலிட்டி' என்று எழுதுபவர்கள், என்.எஸ்.எஸ் ஏழு நாள் முகாமில் 50 பேருக்குச் சாப்பாட்டு ஏற்பாடு பார்த்தது, மிச்சப் பணத்தைக் கணக்கோடு திருப்பிக் கொடுத்தது மாதிரியான ஒன்றை எழுதலாம்.

'பொறுப்பு வகித்தேன்' என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 'ரெஸ்பான்சிபிள் ஃபார் சேல்ஸ்' என்றால் விற்பனை உங்கள் பொறுப்பில் இருந்தது என்று தெரிகிறது. விற்றீர்களா என்று தெரியவில்லையே! 'இன்வால்வ்ட் இன்' என்பதும் அதே ரகம். கல்யாணத்துக்குப் போயிருந்தேன் என்பதற்கும், பந்தியில் பரிமாறினேன் என்பதற்கும் உள்ள வித்தியாசம்.

கூகுளில் ஆள்தேர்வுப் பிரிவை வழிநடத்திய லாஸ்லோ பாக் இதற்கு ஒரு சூத்திரமே சொல்லியிருக்கிறார். எதைச் சாதித்தீர்கள், அதை எந்த அளவுகோலில் அளக்கலாம், எதைச் செய்து சாதித்தீர்கள். இந்த மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும். எல்லா வரிக்கும் எண் கிடைக்காது, பரவாயில்லை. கிடைக்கும் இடத்தில் விடாதீர்கள். ஆனால் எண் உண்மையாக இருக்க வேண்டும். தோராயம் என்றால் 'சுமார்' என்று போடுங்கள். 40 சதவீதம் உயர்த்தினேன் என்று எழுதிவிட்டு, 'எப்படிக் கணக்குப் போட்டீங்க?' என்று கேட்டதும் முழித்தால், மீதி ரெஸ்யூமும் சேர்ந்து சந்தேகத்துக்குள் போய்விடும்.

வீட்டில் இருந்த வருடங்களை எப்படி எழுதுவது?

கல்யாணம், குழந்தை என்று ஐந்தாறு வருடம் இடைவெளி விட்டு மறுபடி வேலை தேடும் பெண்களுக்கு இந்தக் கேள்வி பெரும் பாரம். பலரும் அந்த வருடங்களை மறைக்கப் பார்க்கிறார்கள். அல்லது 'ஹோம் மேக்கர், மல்டி டாஸ்கிங்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மகளிர் சுய உதவிக்குழுவில் கணக்கு எழுதியிருந்தால் அது அனுபவம்தான். 'பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு நான்கு வருடம் சேமிப்பு, கடன் தவணைப் பதிவேடு எழுதினேன். வங்கிக் கடன் விண்ணப்பத்தை நானே தயாரித்தேன்' என்பது எந்த அலுவலகத்துக்கும் புரியும் மொழி. டியூஷன் எடுத்தது, வாட்ஸ்அப்பில் சேலை விற்றது, பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்தது எல்லாம் இதில் சேரும்.

பெண்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஃபிரான்சஸ் டிரிக்ஸ், கேரொலின் சென்கா என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். 'கடினமாக உழைப்பவர்', 'அர்ப்பணிப்பு உள்ளவர்' என்ற வகைச் சொற்கள் பெண்களுக்கு எழுதப்பட்ட கடிதங்களில் கூடுதலாக இருந்தன. அதைப் படிப்பவர் மனதில், 'உழைப்பு இருக்கிறது, தனித்திறமை எப்படியோ' என்ற எண்ணம் எழக்கூடும் என்பது அவர்களின் கவலை. அதாவது 'ஹார்ட் வொர்க்கிங்' என்பது சில இடங்களில் வெறுமனே பயனற்ற சொல்லாக நிற்பதோடு, ஆளைக் கொஞ்சம் கீழேயும் இறக்கிவிடலாம்.

'உங்களைப் பற்றிச் சொல்லுங்க'

நேர்காணலின் முதல் கேள்வி. பெயர், ஊர், அப்பா விவசாயி, அம்மா இல்லத்தரசி, ஒரு தம்பி, படிப்பு, ஹாபி. இந்த வரிசையில்தான் பெரும்பாலும் பதில் வருகிறது. அதுவும் மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில், ஒரே மூச்சில். இதில் பாதி எதிரில் இருப்பவர் கையில் உள்ள தாளிலேயே இருக்கிறது.

பெயரும் படிப்பும் ஒரு வரி போதும். அடுத்து, இந்த வேலைக்குத் தொடர்பாக நீங்கள் செய்த ஒன்றைக் கதைபோலச் சொல்லுங்கள். அப்பா விவசாயி என்பதைச் சொல்லவே கூடாதா? தாராளமாகச் சொல்லலாம், அதில் ஒரு சேதி இருந்தால். 'அப்பா விவசாயிங்க சார், உழவர் சந்தைக்கு லீவு நாள்ல நான்தான் காய்கறி கொண்டுபோய் வித்துட்டு வருவேன். விலை பேசுறது அங்க கத்துக்கிட்டதுதான்' என்றால் விற்பனை வேலைக்கு அதுவே முதல் தகுதி.

வார்த்தை கிடைக்கவில்லையா? உங்களைத் தெரிந்தவர்கள் உங்களைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒருவரை 'நேர்மையானவர்' என்று சொல்ல மாட்டார். 'தைரியமா கல்லாவுல உக்கார வைக்கலாம்' என்பார். 'பொறுப்பானவர்' என்பதற்கு 'சாவியைக் கொடுத்துட்டு ஊருக்குப் போகலாம்' என்பார். 'கை சுத்தம்', 'சொன்னா சொன்ன நேரத்துக்கு வந்து நிப்பான்', 'எத்தனை வாட்டி கேட்டாலும் முகம் சுளிக்காது அந்தப் பொண்ணு'. நம் பேச்சுத் தமிழில் பண்பைச் சொல்லும் வழக்கம் பெரும்பாலும் இப்படித்தான், ஒரு காட்சியாக இருக்கிறது. ஜவுளிக்கடை, மருத்துவமனை வரவேற்பு, ஷோரூம் போன்ற தமிழிலேயே நேர்காணல் நடக்கும் இடங்களில் இதை அப்படியே பயன்படுத்தலாம். 'முன்னாடி வேலை பார்த்த கடையில ராத்திரி கடையைப் பூட்டி சாவி வாங்கிட்டுப் போறது நான்தான் சார்' என்று சொன்னால் போதும், நேர்மை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பலவீனம் என்ன என்ற கேள்விக்கு 'நான் ஒரு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்', 'எல்லாரையும் சீக்கிரம் நம்பிடுவேன்' என்ற பதில்களும் சாயம் போய்விட்டன. வேலையைக் கெடுக்காத ஓர் உண்மையான குறையையும், அதற்கு என்ன செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். 'கூட்டத்துல பேசினா குரல் நடுங்கும். அதனால கிளாஸ்ல செமினார்னா முதல் ஆளா பேர் கொடுத்துட்டு இருந்தேன்' என்பது நம்பும்படி இருக்கிறது.

எந்த வார்த்தைகளை விடக்கூடாது?

அவசரப்பட்டு எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டாம். பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமை வடிகட்ட ஏ.டி.எஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். வேலை அறிவிப்பில் உள்ள திறன்கள் உங்கள் ரெஸ்யூமில் இருக்கின்றனவா என்று தேட அது உதவுகிறது. டேலி, ஜி.எஸ்.டி ரிட்டர்ன், ஆட்டோகேட், ஜாவா போன்ற பெயர்கள் எத்தனை பேர் எழுதினாலும் தேயாது. ஏனென்றால் அவை தெரியும் அல்லது தெரியாது. அறிவிப்பில் உள்ள அதே பெயரை அப்படியே எழுதுங்கள், இங்கே புதுமை வேண்டாம்.

டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 போன்ற தேர்வுகளில் நேர்முகத் தேர்வே கிடையாது, அங்கே இந்தப் பிரச்சினையும் இல்லை. குரூப் 1-க்கு உண்டு.

சாட்ஜிபிடி போன்ற ஏ.ஐ கருவிகளிடம் ரெஸ்யூம் கேட்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 'எனக்கு ஒரு ரெஸ்யூம் எழுதிக்கொடு' என்று மட்டும் கேட்டால், 'பேஷனேட்', 'ரிசல்ட்ஸ் டிரிவன்', 'ஸ்பியர்ஹெடட்' என்று வந்து விழும். பழைய பிரவுசிங் சென்டர் ரெஸ்யூமின் புதிய அவதாரம். முதலில் நீங்கள் செய்ததைத் தமிழிலேயே பேசுவதுபோல டைப் செய்து கொடுங்கள். எத்தனை பேர், எத்தனை நாள், என்ன ஆச்சு என்று எல்லாம். 'நான் சொல்லாத எதையும் சேர்க்காதே, அடைமொழி வேண்டாம்' என்று கேளுங்கள். ஆங்கிலத்தை அது பார்த்துக்கொள்ளும். வந்ததில் உங்களால் விளக்க முடியாத வார்த்தை ஒன்று இருந்தாலும் அடித்துவிடுங்கள்.

கடைசியாக, கம்ப்யூட்டரில் அந்த ஃபைலின் பெயரைப் பாருங்கள். 'ரெஸ்யூம் நியூ ஃபைனல் 2' என்று இருந்தால், அனுப்புவதற்கு முன் உங்கள் பெயரையும் விண்ணப்பிக்கும் வேலையையும் வைத்து மாற்றிவிடுங்கள். அதே பெயரில் அந்த மெயிலில் இன்னும் பத்துப் பேர் அனுப்பியிருப்பார்கள்.